வாயில்லாத கெட்டிலுக்கு ஒரு குரல்

ஸ்டூடியோவில் அவளுக்குப் பெயர் கும்பல். ஒற்றை ஆளுக்கு இப்படி ஒரு பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது, வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. "கும்பல் வந்தாச்சா?" என்று டப்பிங் டைரக்டர் கேட்பார். "கும்பல் டீ குடிக்கப் போயிருக்கு" என்று உள்ளேயிருந்து பதில் வரும். விஷயம் இவ்வளவுதான். வெளிநாட்டுப் படத்துக்கும் கார்ட்டூனுக்கும் தமிழில் குரல் கொடுக்கும்போது, சந்தையில் இரைச்சல் போடுகிறவர்கள், நெருப்பு நெருப்பு என்று ஓடுகிறவர்கள், ராஜா வாழ்க என்கிறவர்கள், இத்தனை பேருக்கும் சேர்த்துக் கத்த நாலைந்து பேர் வேண்டும். அந்த நாலைந்து பேரில் இவள்தான் மூத்தவள். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. இவள் குரலைக் கேட்காத வீடு கிடையாது, இது இவள் குரல் என்று தெரிந்த ஆளும் கிடையாது. பெற்ற அம்மாவே ஒரு நாள் டி.வி. முன்னால் உட்கார்ந்து, "இதுல நீ எங்கடி இருக்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தூங்கிப்போனாள்.

தன் குரல் மட்டும் தனியாகக் கேட்கிற மாதிரி ஒரே ஒரு வேஷம். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். தேவதை வேண்டாம், இளவரசி வேண்டாம், ஒரு கிழட்டு வாத்துக்குக்கூடக் குரல் கொடுக்கத் தயாராக இருந்தாள். டைரக்டர் ஒவ்வொரு தடவையும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார். அந்த மனுஷன் பார்க்கலாம் என்று சொன்னால் பார்க்க மாட்டார் என்று அர்த்தம். அது தெரிந்தும் கேட்டுக்கொண்டே இருந்தாள், மானங்கெட்ட ஆசை.

கடைசியில் கிடைத்தது ஒரு கெட்டில்.

ஜப்பானில் யாரோ வரைந்த சித்திரக்கதை அது. அங்கே வாரப் பத்திரிகையில் வந்து, புத்தகமாகி, பிறகு கார்ட்டூன் தொடராகி, ஊர் ஊராகச் சுற்றி இங்கே வந்து சேர்ந்தது. ஒரு மந்திரவாதிக் கிழவி. உலகத்திலேயே தன்னைவிடக் கெட்டிக்காரி இல்லை என்று பீற்றிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் மந்திரத்தைத் தலைகீழாகச் சொல்லித் தொலைத்து, கெட்டிலாக மாறிவிடுகிறாள். அவளுக்கு ஒரு சிஷ்யன், சோம்பேறிகளுக்கெல்லாம் தலைவன். அவன் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு சாபம் நீக்கத் தெரிந்த ஆளைத் தேடி நாடு நாடாகப் போகிறான். போகிற இடத்திலெல்லாம் பூதம். சிஷ்யன் கத்தியை உருவுவதற்குள் கெட்டில் கொதித்து, மூடி தடதடவென்று ஆடி, ஆவி விட்டுப் பூதத்தைத் திட்ட ஆரம்பிக்கும். திட்டு தாங்காமல் பூதம் அழுதுகொண்டே ஓடிப்போகும். கதை அவ்வளவுதான், ஆனால் பார்க்கிறவனுக்குச் சிரித்தே வயிறு வலிக்கும்.

அந்தக் கெட்டில் வேஷத்தை யாரும் சீண்டவில்லை. கண் இல்லை, காது இல்லை, வாய் இல்லை. "மூஞ்சி இல்லாத வேஷம்தானே, நம்ம கும்பலே பண்ணட்டும்" என்றார் டைரக்டர். கொடுக்கிறதிலும் ஒரு கிள்ளல். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றாள்.

அங்கேதான் அந்த மனுஷன் கோட்டை விட்டார். டப்பிங்கில் உயிரை வாங்குவது உதடுதான். திரையில் இருப்பவன் வாயைத் திறக்கும்போது திறந்து, மூடும்போது மூடியாக வேண்டும். அவன் ஜப்பானிய பாஷையில் சரி என்பதற்கு "ஹாய்" என்று ஒரே அசையில் வாயை மூடிக்கொள்வான், அதற்குள் நம் ஆள் "உத்தரவு குருவே" என்று சொல்லி முடித்திருக்க வேண்டும். கெட்டிலுக்கு ஏது உதடு? மூடி ஆடுகிற வரைக்கும் என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஜப்பானியக் கெட்டில் சிக்கனமானது, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெறும் ஆவி விடும். முதல் நாள் எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொல்லி முடித்த பிறகும் திரையில் மூடி ஆடிக்கொண்டே இருந்தது. அவள் வாய் தானாகத் திறந்தது.

"ஏம்மா மகராசி, உன்னை நம்பி அடுப்பு பத்த வெச்சா தீப்பெட்டிதான் மிச்சம்! உன் சுறுசுறுப்பைப் பார்த்தா நத்தைகூட 'கொஞ்சம் தள்ளிக்கம்மா, அவசரமாப் போகணும்'னு சொல்லும்! நிக்கறியே, நட்டு வெச்ச கம்பம் மாதிரி, உன் மேல ஒரு பல்பை மாட்டினா தெருவுக்கு வெளிச்சமாவது வரும்!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினீயர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து டைரக்டர் கண்ணில் தண்ணீர். "எங்கம்மா வெச்சிருந்தீங்க இதையெல்லாம்?" என்று கேட்டார்.

வீட்டில் வைத்திருந்தாள். அன்று காலை ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டதற்கு அவள் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் அது. ஒரு எழுத்துக் கூட்டவில்லை, ஒரு எழுத்துக் குறைக்கவில்லை. சொன்னவள் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா.

நாத்தனார் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். விடுதி முழுவதையும் நாக்காலேயே மேய்த்த கை, சாரி, மேய்த்த வாய். ஓய்வு பெற்ற பிறகு அந்த வாய்க்குக் கிடைத்தது ஒரே ஒரு தம்பி பெண்டாட்டி. அப்பா அம்மா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்தவள் அவள், இவர்கள் குடியிருக்கும் மூன்றாவது மாடி வீட்டை வாங்கியவளும் அவள். அதனால் எழுந்தால் குற்றம், உட்கார்ந்தால் குற்றம், இருமினால் "யாரைக் கூப்பிடறே?" என்று கேள்வி. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு பேருக்கும் நடுவில் சண்டை என்று வந்தால், மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் பாதியில் நின்றுவிடுவார். "அக்கா அப்படித்தான், மனசுல ஒண்ணும் கிடையாது" என்பார். மனசில் ஒன்றும் கிடையாதாம், எல்லாம் வாயில்தான் இருக்கிறதாம். பெரிய ஆறுதல்.

இவள் ஒரு நாளும் பதில் பேசியதில்லை. பயமா, மரியாதையா, பழக்கமா, அவளுக்கே தெரியாது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, ஸ்டூடியோவுக்குப் போகிற பஸ்ஸில் உதட்டை அசைத்து அசைத்து மனப்பாடம் செய்வாள். மைக் முன்னால் நின்றதும் நாத்தனாரின் இழுப்பு, நாத்தனாரின் மூச்சு, "ஏம்மா மகராசி" என்ற அந்த எடுப்பு, அத்தனையும் கெட்டிலின் மூக்கு வழியாக ஆவியாகப் போகும். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! காலையில் அடி வாங்கினால் மத்தியானம் அதே அடியைப் பூதத்துக்குக் கொடுக்கலாம். திட்டு வாங்குவதற்காகவே சில நாள் சீக்கிரம் எழுந்திருந்தாள்.

தொடர் பிய்த்துக்கொண்டு போயிற்று. வரைந்த ஜப்பான்காரர் கேட்டிருந்தால் தன் கெட்டிலைத் தானே அடையாளம் கண்டிருக்க மாட்டார். பள்ளிக்கூட வாசலில், கடைத்தெருவில், எங்கே பார்த்தாலும் "ஏம்மா மகராசி"தான். தொடர் முடிவில் பெயர்கள் ஓடும்போது கெட்டிலுக்கு நேராக அவள் பெயர் தனியாக ஒரு வரியில் வந்தது. அதைப் பார்த்த அன்று பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். கும்பலில் இருந்து ஒருவழியாக வெளியே வந்துவிட்டோம் என்று நினைத்தாள்.

வினை மாடிப்படியில் இருந்தது. அந்தக் கட்டிடத்துப் பிள்ளைகள் நாத்தனாரின் குரலைத் தினமும் கேட்கிறவர்கள். நாத்தனார் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினால், மேலே ஒருத்தன் "ஏம்மா மகராசி!" என்பான். கீழே இருந்து இன்னொருத்தி "கெட்டில் வருது, ஓடுங்க!" என்பாள். பிறகு ஒரே சிரிப்பு. நாத்தனார் தன் வாழ்நாளில் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறாள், சிரிக்கிறவர்களைப் பார்த்ததில்லை. ஒரு நாள் இரண்டாம் மாடி வீட்டில் போய் உட்கார்ந்து அந்தத் தொடரை முழுக்கப் பார்த்தாள். தீப்பெட்டி, நத்தை, கம்பம் எல்லாம் வரிசையாக வந்தது. அந்த வீட்டுக்காரி சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாளாம்.

திரும்பி வந்தவள் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு தம்பி பெண்டாட்டியைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நல்லா இரும்மா."

அன்றைக்கு அடைத்த வாய்தான். அதற்குப் பிறகு "ம்", "சரி", "பரவாயில்லம்மா". இவ்வளவுதான் பேச்சு. பாம்புகூடச் சீறிவிட்டுத்தான் கொத்தும். இது சீறாமலே படம் எடுத்து நின்றது. வீட்டுக்காரருக்கு மட்டும் பரம சந்தோஷம். "பார்த்தியா, அக்கா மாறிட்டாங்க!" என்று இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டார்.

ஸ்டூடியோவில் தொடரின் இரண்டாம் பாகம் ஆரம்பித்துவிட்டது. கெட்டில் மறுபடி கொதிக்க வேண்டும், இவளிடம் சரக்கு இல்லை. சொந்தமாகத் திட்டிப் பார்த்தாள். கும்பலாகக் கத்தியே பழகிய வாய்க்கு "ஐயையோ, நாசமாப் போச்சே!" என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை. டைரக்டர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "என்னம்மா, கெட்டில்ல பச்சைத் தண்ணி ஊத்தி வெச்சிருக்கீங்களா? காரம் எங்க போச்சு?" என்றார். மறுநாளும் அதையே கேட்டார். அதற்கடுத்த நாள் கேட்கவில்லை, வேறு யாரிடமோ ரகசியமாகப் போனில் பேசினார்.

வெட்கத்தை விட்டு வேலையில் இறங்கினாள். நாத்தனாரை எப்படியாவது திட்ட வைத்தாக வேண்டும். பாலைப் பொங்க விட்டாள். ஆள் இல்லாத அறையில் மின்விசிறியைச் சுழல விட்டாள். ஈரத் துண்டை நாத்தனாரின் கட்டில்மேலேயே, தலையணைமேலேயே போட்டாள். ஒளிந்திருந்து பார்த்தாள். நாத்தனார் துண்டை எடுத்தாள், உதறினாள், கொடியில் காயப்போட்டாள். கதவுப் பக்கம் திரும்பி, "பாவம், மறந்திருப்பே, பரவாயில்லம்மா" என்றாள். அந்தக் குரலில் தேன் ஒழுகியது. கொலைகாரி! எந்த இடத்தில் அடித்தால் செத்துப்போவாள் என்று தெரிந்து அடித்தாள்.

"அண்ணி, நான் அந்தப் பீங்கான் ஜாடியை உடைச்சிட்டேன்" என்று ஒரு நாள் தானாகவே போய்ச் சொன்னாள். நிஜமாகவே உடைத்திருந்தாள்.

"அப்படியா?" என்று நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். வாய் ஒருமுறை துடித்தது. இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் அதைப் பார்த்துவிட்டாள், லேசாகச் சிரித்தாள். "கால்ல குத்திக்காம கூட்டித் தள்ளும்மா. உன் வேலைக்கு உதவற மாதிரி என்கிட்ட ஒண்ணும் இல்ல."

அந்த வாரம்தான் இவள் தன் போனைச் சார்ஜரில் போட்டுவிட்டு மறந்து வெளியே போனாள். ஸ்டூடியோவில் இருந்து டைரக்டர் கூப்பிட்டார். நாத்தனார் எடுத்தாள். வழக்கமான நினைப்பில் அந்த மனுஷன், "ஹலோ, கெட்டிலா? இன்னிக்கு வருமா, வராதா?" என்று கேட்டுத் தொலைத்தார்.

மாடிப்படிப் பிள்ளைகளை ஒன்றும் செய்ய முடியாமல் நாத்தனார் அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அந்தப் போன் வழியாகப் போயிற்று. "யாருடா நீ? வயசுக்கு மீசை வளர்ந்திருக்கும், புத்தி வளர்ந்துச்சா?" என்று ஆரம்பித்தவள், அவர் குரல், அவர் வளர்ப்பு, அவரைப் பெற்றவர்களின் பொறுமை, அவருக்குப் போன் விற்றவனின் பாவம் என்று ஒவ்வொன்றாக எடுத்து உரித்தாள். அந்தப் பக்கம் டைரக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஸ்டூடியோவில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "அம்மா, தாயே, நீங்க யாரு?" என்று கேட்டார்.

இதெல்லாம் இவளுக்குத் தெரியாது. மறுநாள் அவள் ஸ்டூடியோவுக்குப் போய் ரெக்கார்டிங் அறை வாசலில் செருப்பைக் கழற்றினாள். பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. தடித்த அடி, வார் பிய்ந்து நீல நூலால் தைத்தது. அந்த நூலைக் கோத்துக் கொடுத்ததே இவள்தான்.

உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால், ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாத்தனார் நின்றாள்.

"கும்பல், கோவிச்சுக்காதீங்க" என்றார் டைரக்டர். கெட்டில் என்று கூப்பிட்ட வாய், ஒரே நாளில் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டது. "ஒரிஜினலே கிடைக்கறப்போ காப்பி எதுக்கு? உதடு இருந்தா உங்களை மாதிரி அனுபவசாலிதான் வேணும். கெட்டிலுக்கு அது வேண்டியதில்லை பாருங்க."

அவளைத் தூக்கிவிட்ட அதே உதடில்லாத கெட்டில், இப்போது கீழே தள்ளியது. நாத்தனார் ஒரு காதில் இருந்து ஹெட்போனை நகர்த்தினாள்.

"என்னம்மா பார்க்கறே? என் பொருள், எங்க களவு போச்சோ அங்கயே வந்து எடுத்துக்கிட்டேன். தப்பா?"

நியாயம் அந்தப் பக்கம் பாதி இருந்தது, அதுதான் இன்னும் எரிந்தது. சுவரோரம் கும்பல்காரர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

ரெக்கார்டிங் விளக்கு சிவப்பாயிற்று. திரையில் மலை உயரத்துக்கு ஒரு பூதம் வந்தது, கெட்டில் மூடி ஆட ஆரம்பித்தது. நாத்தனார் வாயைத் திறந்தாள்.

"பூதமே... நீ... செய்வது சரியில்லை."

விடுதி அறிவிப்புப் பலகையைப் படிப்பது மாதிரி இருந்தது. டைரக்டர் காட்சியைத் திரும்பப் போட்டார். "நீ ஒரு சோம்பேறி, பூதமே." மறுபடி போட்டார். நாத்தனாருக்கு வியர்த்தது. ஹெட்போனைக் கழற்றி வீசினாள்.

"மைக்கைப் பார்த்து எப்படிப்பா திட்டறது? அது என்ன தப்பு பண்ணிச்சு? அந்தப் பூதம் வேற படத்துல நிக்குது. ஆள் வேணாமா எதிர்ல?" என்றவள் பெஞ்சைப் பார்த்தாள். "அவளை உள்ள அனுப்புங்க."

டைரக்டருக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. ஓடிவந்தார். "கும்பல், ஒரு உதவி. உள்ள போய் சும்மா நில்லுங்க. பேச வேண்டாம். மூச்சுகூட மெதுவா விடுங்க, மைக்ல ஏறிடும்."

அவள் போய் நின்றாள். ஏன் போனாள் என்று கேட்டால், இத்தனை வருடம் போய் நின்ற பழக்கம்தான். மூடி ஆடியது. நாத்தனார் இவள் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"ஏம்மா மகராசி! வீட்டுல வாயில விரல் வெச்சா கடிக்கத் தெரியாத பாப்பா, வெளிய என் வாயையே வாடகைக்கு விட்டியா? திட்டறதுக்குக்கூடச் சொந்தமா ஒரு வார்த்தை கிடையாது, உனக்கெல்லாம் தனிக்குரல் கேக்குதா? கும்பல்ல கத்தினவ கும்பல்லயே கிட! நீ தனியா கத்தினா காக்காகூடத் திரும்பிப் பார்க்காது!"

"பிரமாதம்!" என்று டைரக்டர் துள்ளினார். "அம்மா, அந்தக் கும்பல் வரியை மட்டும் பூதத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க! கும்பல், நீங்க அசையாதீங்க. சீரிஸ் முடியறவரைக்கும் தினம் வந்து இப்படியே நில்லுங்க. இந்த மூஞ்சிதான் வேணும், இதே மூஞ்சி!"

நாத்தனார் மார்பை நிமிர்த்திக்கொண்டு அடுத்த காட்சிக்குத் தயாரானாள். இவள் நாத்தனாரைப் பார்த்தாள். இதுவரை குனிந்தே கேட்டதால், திட்டும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததே இல்லை. வியர்த்து, கண் அகன்று, இவள் முகத்தையே தொற்றிக்கொண்டு நின்றது, விட்டால் விழுந்துவிடுகிற மாதிரி. இந்த அம்மாளுக்கா இத்தனை நாள் நடுங்கினோம் என்று தோன்றியது. தோன்றியதும் உடம்பெல்லாம் ஒரு கோபம், இரவல் வாங்காத கோபம், ஏறி வந்தது.

"அண்ணி" என்றாள். மைக்கில் தெளிவாக ஏறியது. "உங்க வார்த்தையைத் திருடினேன், வாஸ்தவம். ஊரே உங்களைப் பார்த்துச் சிரிக்கற மாதிரி பண்ணேன், அதுவும் தப்புதான். ஆனா ஒண்ணு. உங்க வார்த்தையை வெச்சுக்கிட்டு நான் தனியாவே கத்தினேன். எதிர்ல பூதமும் இல்ல, மனுஷனும் இல்ல. நீங்க கத்தறதுக்கு நான் வந்து நிக்கணுமா? இனி நிக்க மாட்டேன். இங்கயும் சரி, வீட்லயும் சரி."

"ஏய், ரெக்கார்டிங் போயிட்டிருக்கு!" என்று டைரக்டர் கத்தினார்.

"போகட்டும் சார். இதுக்கு உதடு பொருத்த வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டு அவள் கனத்த கதவைத் தள்ளித் திறந்தாள். நாத்தனாரின் வாய் திறந்திருந்தது. திரையில் கெட்டிலின் மூடி தடதடவென்று ஆடிக்கொண்டே இருந்தது, சத்தம் ஒன்றும் வரவில்லை.

வேலை போயிற்று. கெட்டிலும் போயிற்று, கும்பலும் போயிற்று. அது அவளுக்குப் படியிறங்கும்போதே தெரியும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள், உதடு எதையும் மனப்பாடம் செய்யவில்லை. வீட்டுக்காரர் அரை நாள் லீவில் வந்து, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக மேஜை விசிறியைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். இவள் மட்டும் தனியாக வருவதைப் பார்த்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்தார்.

"அக்கா ஸ்டூடியோவுக்குப் போறேன்னாங்களே, எங்க? நீ கூட்டிட்டு வரலியா?"

"அங்கதான் மைக் முன்னாடி நிக்கறாங்க" என்றாள் அவள், முகம் கழுவித் துடைத்த ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டுக்கொண்டே. "திட்ட ஆள் கிடைக்கலையாம். சும்மாதானே இருக்கீங்க, நீங்க போங்க."